'ரைவல்' எங்கிருந்து வந்தது? ஓர் ஆங்கிலச் சொல்லின் வேர் பார்க்க முழுமையான வழிகாட்டி

மொரிசியஸில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு 'ரைவல்' புதுச் சொல்லாக இருக்காது. பிரெஞ்சு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் 'ரிவல்' என்று ஏற்கெனவே கண்ணில் பட்டிருக்கும். அதே எழுத்துகளோடு ஆங்கிலப் பாடத்தில் 'ரைவல்' என்று வரும். தமிழ் வகுப்பில் மொழிபெயர்க்கச் சொன்னால் 'எதிரி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அது பிழை. ஏன் பிழை என்பது அகராதியின் ஒரு வரிப் பொருளில் தெரியாது. சொல் நடந்துவந்த பாதையைப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பாதை ஒரு வாய்க்கால் கரையில் தொடங்குகிறது.

கீழே உள்ள முறை ஆசிரியருக்கும், ஆங்கிலமும் பிரெஞ்சும் தமிழும் சேர்த்துப் படிக்கும் மாணவருக்கும் எழுதப்பட்டது. ஒரு சொல்லுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழகிவிட்டால் அரை மணி போதும்.

தொடங்கும் முன்: கையில் என்ன வேண்டும்

நான்கு அகராதிகள் போதும். ஆங்கிலத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பெரிய பதிப்பு. பையில் வைக்கும் சிறு பதிப்பு இந்த வேலைக்கு ஆகாது. அதில் ஆண்டும் இருக்காது, மேற்கோளும் இருக்காது. பெரியது சந்தா கட்டிப் பார்ப்பது. அது கிடைக்காவிட்டால் டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த இணையச் சொற்பிறப்பு அகராதி இலவசம். லத்தீனுக்கு 1879இல் வெளியான லூயிஸ், ஷார்ட் இருவரின் அகராதி. பிரெஞ்சுக்கு 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வந்த 'த்ரெஸோர் த லா லாங் ஃப்ரான்ஸேஸ்'. இதுவும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும், சொல்வரலாறு தனிப் பகுதியாகவே இருக்கும். தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, 1924 முதல் 1936 வரை வந்தது.

அகராதிக் குறிகளைத் தப்பாகப் படிப்பதால்தான் பாதிக் குழப்பம். சொல்லுக்கு முன்னால் உடுக்குறி இருந்தால் அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, அறிஞர்கள் கணித்துத் தந்தது என்று பொருள். சிலுவை போன்ற குறி இருந்தால் அந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது 'ஒப்பிடுக' என்பதற்கான சுருக்கம். அதற்குப் பின்னால் வரும் சொல் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், தூரத்து உறவாக இருக்கலாம். அதை 'இதிலிருந்து வந்தது' என்று எழுதிவிடுகிற பழக்கம் நம்மிடம் நிறைய.

படி 1: எந்த 'ரைவல்' என்று முடிவு செய்யுங்கள்

ஆங்கிலத்தில் இது பெயராகவும், பெயரடையாகவும், வினையாகவும் வரும். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் வயது வேறு. பெயர்ச்சொல் முதலில் வந்தது, மற்றவை அதன் பிள்ளைகள். ஆகவே வேர் தேடும்போது பெயர்ச்சொல்லையே பிடியுங்கள்.

படி 2: முதல் பதிவின் காலம், வந்த வழி

ஆங்கில எழுத்தில் 'ரைவல்' 1570களில் தென்படத் தொடங்குகிறது. அந்த ஆண்டில் பிறந்தது என்று இதற்குப் பொருளில்லை. எழுத்தில் அகப்பட்டது அப்போது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். படி 5இல் இது பெரிய வேலை செய்யும்.

அடுத்த கேள்வி, லத்தீனிலிருந்து நேராக வந்ததா, பிரெஞ்சு வழியாக வந்ததா? இந்தச் சொல்லுக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. லத்தீன் வடிவம் 'ரீவாலிஸ்'. பிரெஞ்சிலும் 'ரிவல்' அப்போதே இருந்தது. இங்கே ஒரு நல்ல சோதனை உண்டு. பிரெஞ்சு மக்கள் வாயில் நூற்றாண்டுக் கணக்கில் உருண்டுவந்த சொல் தேய்ந்துபோயிருக்கும். லத்தீன் 'ரீவுஸ்' (ஓடை, வாய்க்கால்) பிரெஞ்சில் 'ர்யு' என்று ஓரசையாகச் சுருங்கியது. அதன் குறுமை வடிவம் 'ருயிஸ்ஸோ' ஆனது. இவ்வளவு தேய்மானத்துக்கு நடுவில் 'ரிவல்' மட்டும் லத்தீன் முகத்தோடு அப்படியே நிற்கிறது என்றால், அது தெருவில் வளர்ந்த சொல் இல்லை. படித்தவர்கள் ஏட்டிலிருந்து எடுத்துப் பிரெஞ்சில் வைத்தது. தமிழில் திரிந்து வந்த வடசொல்லைத் தற்பவம், திரியாமல் வந்ததைத் தற்சமம் என்று பிரிப்போமே, அதே கணக்கு. 'ருயிஸ்ஸோ' தற்பவம் மாதிரி, 'ரிவல்' தற்சமம் மாதிரி.

படி 3: சொல்லை உடையுங்கள்

'ரீவாலிஸ்' என்பதில் 'ரீவுஸ்' அடி, 'ஆலிஸ்' விகுதி. விகுதிக்கு 'அதைச் சேர்ந்த' என்று பொருள். ஆக நேர்ப்பொருள் 'ஓடையைச் சேர்ந்தவர்', இன்னும் தெளிவாகச் சொன்னால் 'ஒரே வாய்க்காலில் பங்குள்ளவர்'. சண்டை, போட்டி, பகை எதற்கும் இந்த இரண்டு துண்டுகளில் இடமில்லை. எதிர்ப்பைக் காட்டும் முன்னொட்டு ஒன்றும் இல்லை. அகராதியில் இதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நில்லுங்கள், ஏனென்றால் அடுத்த படியில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

படி 4: போலி உறவுகளை விலக்குங்கள்

'ஓடையா? அப்படியானால் ரிவர் என்ற ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பம்தானே?' இல்லை. சொற்பிறப்பில் கால் வைத்த எல்லோரும் ஒரு தடவையாவது விழுகிற குழி இது.

'ரிவர்' வந்த வழி வேறு. லத்தீனில் 'ரீபா' என்றால் கரை. கரை சார்ந்தது 'ரீபாரியுஸ்'. அதிலிருந்து பேச்சு லத்தீனில் 'ரீபாரியா', பழைய பிரெஞ்சில் 'ரிவியேர்', அங்கிருந்து ஆங்கில 'ரிவர்'. நடுவில் இருந்த 'ப' ஒலி பிரெஞ்சில் 'வ' ஆகத் தேய்ந்ததால்தான் இரண்டு குடும்பமும் ஒரே முகமாகத் தெரிகிறது. 'ரிவர்' கரையின் பேத்தி, 'ரைவல்' வாய்க்காலின் பேரன். பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் கரை வேறு, நீர் வேறு.

இந்த வேறுபாட்டைக் கற்பிக்க மொரிசியஸைவிட வசதியான ஊர் கிடையாது. வரைபடத்தை விரித்தால் போதும். ரிவியேர் த்யு ராம்பார், ரிவியேர் நுவார், விலாங்கு மீனின் பெயர் தாங்கிய ரிவியேர் தேஸ் ஆங்கியி, எல்லாம் 'ரீபா' வம்சம். கிரியோலில் நாம் 'லாரிவியேர்' என்று ஒட்டிச் சொல்வதும் அதுவே. போர்ட் லூயி நகருக்குள் பூஸ் மலைப் பக்கமிருந்து இறங்கி வரும் 'ருயிஸ்ஸோ த்யு பூஸ்' மட்டும் 'ரீவுஸ்' வம்சம். ஆக, தலைநகரில் ஓடும் அந்த ஓடைதான் 'ரைவல்' என்ற சொல்லுக்கு உண்மையான இரத்த உறவு. வகுப்பில் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து இரண்டு பத்தி போட்டு ஊர்ப் பெயர்களைப் பிரிக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு மறக்காது.

அந்த இரண்டு பத்தியை மேலும் நிரப்பலாம். கரைக் குடும்பத்தில் பிரெஞ்சு 'ரீவ்', 'ரிவாஜ்', ஆங்கில 'அரைவ்', பிரெஞ்சு 'அரிவே' எல்லாம் சேரும். 'வந்து சேர்' என்ற சொல்லின் முதற்பொருள் 'கரை சேர்' என்பதுதான். நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்கிய தீவில் அந்தச் சொல்லுக்கு இன்னும் உப்பு வாசம் இருக்கிறது. இத்தாலியின் 'ரிவியேரா'வும் இந்தப் பக்கமே. சட்டத்தில் ஆற்றங்கரை நில உரிமையைக் குறிக்கும் 'ரைபேரியன்' என்ற சொல்லும் இங்கேதான் வரும். 1863ஆம் ஆண்டின் ஆறுகள், கால்வாய்கள் சட்டத்தைப் பற்றிப் பேசுகிற மொரிசியஸ் வழக்கறிஞர் வாயில் இந்தச் சொல் அடிக்கடி வரும். வாய்க்கால் குடும்பத்தில் ஆங்கில 'ரிவ்யுலெட்', ஸ்பானிய, போர்த்துகீசிய 'ரியோ', பிறகு 'டெரைவ்'. கடைசிச் சொல்லுக்கு லத்தீனில் 'ஓடையிலிருந்து நீரைப் பிரித்துக் கொண்டுபோதல்' என்று பொருள். ஒரு சொல் எதிலிருந்து வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்கும்போதே, வாய்க்கால் வெட்டுகிறவன் பேச்சைத்தான் பேசுகிறோம். தமிழில் நாம் 'வேர்' என்று மரத்தைச் சொல்கிறோம், அவர்கள் மடையைச் சொல்கிறார்கள்.

காதை நம்பாதீர்கள் என்பதற்கும் இதுவே எடுத்துக்காட்டு. 'ரிவர்', 'ரிவ்யுலெட்' இரண்டும் குறிலில் தொடங்குவதால் உறவு போல் கேட்கும், ஆனால் இல்லை. 'ரைவல்', 'ரிவ்யுலெட்' ஒலியில் விலகி நிற்கும், ஆனால் உறவு.

படி 5: பொருள் எங்கே திரும்பியது?

இதுதான் வேலையின் நடுப்பகுதி. ஒரே வாய்க்காலில் பங்குள்ளவர் எப்படிப் போட்டியாளர் ஆனார்? பாசனம் தெரிந்த தமிழருக்கு விளக்கவே வேண்டாம். தலைமடைக்காரன், கடைமடைக்காரன் என்ற இரண்டு சொற்களிலேயே முழுக் கதையும் இருக்கிறது. முறை வைத்து நீர் பாய்ச்சும் ஊரில் இரவோடு இரவாக மடையைத் திருப்பிவிட்டவன் யார் என்று காலையில் நடக்கிற பஞ்சாயத்து, ரோமாபுரியிலும் நடந்தது.

சான்று சட்டத்தில் இருக்கிறது. பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 533இல் வெளியிட்ட 'டைஜெஸ்ட்' என்ற சட்டத் தொகுப்பின் 43ஆம் நூல், 20ஆம் தலைப்பு, அன்றாட நீரையும் கோடை நீரையும் பற்றியது. அங்கே சட்ட அறிஞர் உல்பியன் 'ரீவாலிஸ்' என்ற சொல்லுக்கு 'ஒரே வாய்க்கால் வழியே நீர் கொண்டுபோகிறவர்கள்' என்று பொருள் தருகிறார். அவர்களுக்குள் நீர்ப் பயன்பாடு பற்றித் தகராறு வந்து, இருவரும் 'உரிமை எனக்கு' என்று நின்றால், தடையாணை கேட்கும் வழி இருவருக்குமே உண்டு என்கிறார்.

அந்த 'இருவருக்குமே' என்ற இடத்தில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் இவர்களில் யாரும் திருடன் இல்லை, அத்துமீறி நுழைந்தவனும் இல்லை. இரண்டு பேருக்கும் மடையில் பங்கு உண்டு. நீர் போதவில்லை, அவ்வளவே. இன்றைய ஆங்கிலத்திலும் 'ரைவல்' என்று நாம் சொல்பவருக்கு இந்தத் தகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் கேட்கிற அதே பொருளைக் கேட்க அவருக்கும் ஏறக்குறைய நம் அளவு தகுதி உண்டு. 'எனிமி' என்ற சொல்லில் இது இல்லை.

இனி ஓர் எச்சரிக்கை. 'முதலில் சட்டச் சொல், பிறகு காதல் போட்டிக்குப் போனது' என்று ஒரு நேர்க்கோடு போட்டு எழுதுவார்கள். ஏடுகளின் காலவரிசை அப்படிச் சொல்லவில்லை. கி.மு. 184இல் இறந்த நாடக ஆசிரியர் ப்ளாட்டஸ், ஒரே பெண்ணை விரும்பும் இருவரை ஏற்கெனவே 'ரீவாலிஸ்' என்று அழைத்துவிட்டார். உல்பியன் எழுதியது கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நானூறு ஆண்டு பிந்திய ஏட்டில் முந்திய பொருள் கிடைக்கிறது! இதில் முரண் இல்லை. சொல்லின் அமைப்பு (ஓடை, அதைச் சேர்ந்தவர்) நீர்ப்பொருள்தான் மூத்தது என்று காட்டுகிறது. ஏடு, எது முதலில் எழுதப்பட்டது என்று மட்டுமே காட்டும். படி 2இல் சொன்ன வேறுபாடு இதற்குத்தான். குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்: 'அமைப்பு சொல்வது', 'ஏடு சொல்வது'.

ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் பழைய 'பங்காளி'ப் பொருள் கொஞ்ச காலம் மூச்சு விட்டது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' முதல் அங்கம், முதல் காட்சியில், காவல் நிற்கும் வீரன் தன்னோடு காவல் முறை பகிர்கிறவர்களை 'ரைவல்ஸ்' என்கிறான். போட்டியாளர் என்று படித்தால் அந்த வரி பொருளற்றுப் போகும். 1603இல் அச்சான 'முதல் குவார்ட்டோ' என்ற பதிப்பில் அதே இடத்தில் 'பார்ட்னர்ஸ்' என்று இருக்கிறது, அதற்கடுத்த பதிப்பில் 'ரைவல்ஸ்'. இரண்டு பதிப்பையும் அருகருகே வைத்தால் பொருள் தானாகத் தெரிகிறது, உரைகாரர் தேவையில்லை. ஷேக்ஸ்பியரே 'அந்தோனியும் கிளியோபாட்ராவும்' நாடகத்தில் கூட்டாட்சிப் பங்கை 'ரைவாலிட்டி' என்கிறார். ஆனால் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் ஒரே பெண்ணைக் காதலிக்கும் இருவர் இன்றைய பொருளிலேயே 'ரைவல்ஸ்'. ஒரே எழுத்தாளர் கையில், ஒரே காலத்தில் இரண்டு பொருளும் உயிரோடு இருந்திருக்கின்றன. பிறகு பங்குப் பொருள் செத்தது, போட்டிப் பொருள் நின்றது.

செத்ததாக நினைத்தது வேறோர் இடத்தில் முளைத்திருக்கிறது. பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு 'ரைவல் குட்', 'நான்-ரைவல் குட்' என்ற பாகுபாடு தெரியும். ஒருவர் பயன்படுத்தினால் இன்னொருவருக்குக் குறையும் பொருள் முதல் வகை. எத்தனை பேர் பயன்படுத்தினாலும் குறையாதது இரண்டாம் வகை. அல்பியன் கலங்கரை விளக்கின் ஒளியைப் பத்துப் படகு பார்த்தாலும் பதினொன்றாவது படகுக்கு ஒளி குறையாது. வாய்க்கால் நீர் அப்படியா? ரோமானிய உழவர் கேட்டால் சிரிப்பார்.

படி 6: தமிழில் ஒப்பிடுங்கள், 'பங்காளி' வரை போங்கள்

சொற்பிறப்பில் பொருள் மாற்றம் நம்பத்தக்கதா என்று பார்க்க ஒரு நல்ல வழி, தொடர்பில்லாத இன்னொரு மொழியில் அதே மாற்றம் நடந்திருக்கிறதா என்று தேடுவது. நமக்குத் தூரம் போக வேண்டாம்.

'பங்காளி' என்றால் பங்கு உள்ளவன். தகப்பன் வழிச் சொத்தில் உரிமையுள்ள உறவினன். அதே சொல் 'பங்காளிச் சண்டை', 'பங்காளிக் காய்ச்சல்' என்று வரும்போது பொறாமையும் வழக்கும் நிறைந்த போட்டியைக் குறிக்கிறது. தமிழ்நாட்டில் இளைஞர்கள் நண்பனை 'பங்காளி' என்று கூப்பிடுகிறார்கள். இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் 'பங்காளிக் கட்சி' என்றால் கூட்டணியில் கூட இருக்கும் கட்சி. ஒரு சொல், ஓர் இடத்தில் தோள் கொடுப்பவன், இன்னோர் இடத்தில் வேலியை நகர்த்துபவன். 'ஹாம்லெட்' காவலனின் 'ரைவல்ஸ்' இங்கே நமக்கு விளங்குகிற அளவு இன்றைய ஆங்கிலேயருக்கே விளங்காது.

'தாயாதி'யும் இதே வகை. இங்கே 'ரிவர்' போன்ற ஒரு குழி இருக்கிறது. 'தாய்' என்று தொடங்குவதால் தாய்வழி உறவு என்று பிரித்துவிடாதீர்கள். தாயாதி தகப்பன் வழி உறவினன். 'தாயம்' என்றால் பரம்பரைச் சொத்துப் பங்கு. அந்தப் பங்கை எடுப்பவன் வடமொழியில் 'தாயாத'. அதுவே தமிழில் தாயாதி. 'தாயாதிக் காய்ச்சல்' என்ற தொடரே போதும், பங்கு எப்படிப் பகையாகும் என்பதற்கு. வடமொழியில் இன்னொன்றும் உண்டு: 'சபத்னீ' என்றால் சக்களத்தி. அதிலிருந்து ஆண்பாலில் 'சபத்ன' என்று பொதுவாகப் போட்டியாளனுக்கே பெயர் வந்துவிட்டது. நீரைப் பகிர்ந்தவர், நிலத்தைப் பகிர்ந்தவர், கணவனைப் பகிர்ந்தவர். மூன்று இடத்திலும் சொல் ஒரே திசையில் திரும்பியிருக்கிறது. இப்போது லத்தீன் விளக்கம் உறுதியாகிறது.

படி 7: பக்கத்து வீட்டுச் சொற்களிலிருந்து பிரித்து வையுங்கள்

ஆங்கிலத்தில் எதிரில் நிற்பவருக்குப் பல பெயர். வேர் தெரிந்தால் எதை எங்கே போடுவது என்று குழம்ப மாட்டீர்கள்.

'எனிமி' லத்தீன் 'இனிமீகுஸ்' வழி. 'நண்பன் அல்லாதவன்' என்பது நேர்ப்பொருள். தமிழின் 'ஒட்டார்', 'ஒன்னார்', 'நள்ளார்' அச்சாக இதே கட்டுமானம். 'நட்டார்போல் நல்லவை சொல்லினும் ஒட்டார்சொல் ஒல்லை உணரப் படும்' என்ற குறளில் நண்பனும், நண்பன் அல்லாதவனும் எதிரெதிரே நிற்பதைப் பாருங்கள். தமிழில் பகைவர், எதிரி இங்கே பொருந்தும்.

'அட்வர்சரி' என்பதில் 'நம்மை நோக்கித் திரும்பி நிற்பவர்' என்ற படம் இருக்கிறது. லத்தீன் வினைக்குத் 'திருப்பு' என்று பொருள். 'ஒப்பனென்ட்' என்றால் எதிரே வைக்கப்பட்டவர். தொடக்கத்தில் அறிஞர் வாதத்தில் மறுத்துப் பேசுபவருக்கான பெயர். தமிழ் 'எதிராளி' இரண்டுக்கும் கிட்டத்தட்டச் சரியாக வரும். 'எதிரி' என்று போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தமிழ்நாட்டு நீதிமன்றக் காகிதத்தில் 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். சட்டப் பாடத்தை மொழிபெயர்ப்பவர் இதில் மாட்டிக்கொள்வார்.

'ஆன்டகனிஸ்ட்' கிரேக்கம், 'அகோன்' என்ற போட்டிக் களத்திலிருந்து. இன்று பெரும்பாலும் கதையில் நாயகனுக்கு எதிராக நிற்பவர். 'காம்பெட்டிட்டர்' என்பதன் நேர்ப்பொருள் 'சேர்ந்து தேடுபவர்'. ஒரே இலக்கை நோக்கி ஓடும் பலரில் ஒருவர்.

1812இல் குதிரைப் பந்தயம் தொடங்கிய ஷாம் த மார்ஸ் திடலை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற குதிரைகள் எல்லாம் 'காம்பெட்டிட்டர்ஸ்'. அவற்றில் இரண்டு குதிரைகள் பருவம் முழுக்க ஒன்றையொன்று முந்தி முந்தி வென்றால் அவை 'ரைவல்ஸ்'. இந்தியப் பெருங்கடல் தீவு விளையாட்டுகள் 1979இல் ரெயூனியனில் தொடங்கியதிலிருந்து மொரிசியஸுக்கும் ரெயூனியனுக்கும் நடுவில் இருப்பது 'ரைவல்ரி'. ஒருநாள் ஆட்டத்தில் சீஷெல்ஸ் அணி எதிரே வந்தால் அது அன்றைக்கு 'ஒப்பனென்ட்'. ஒருநாள் எதிரில் நிற்பதற்கும், ஆண்டாண்டாக ஒரே கோப்பையைக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இது. 1810 ஆகஸ்டில் கிராண்ட் போர்ட் கடற்போரில் மோதிய பிரெஞ்சுத் தளபதி த்யுபெர்ரேயும் ஆங்கிலேயத் தளபதி வில்லோபியும் 'எனிமீஸ்'. காயப்பட்ட இருவருக்கும் மாயெபூரில் ஒரே வீட்டில் சிகிச்சை நடந்தது (இன்று அது அருங்காட்சியகம்). அந்தக் கூரையின் கீழும் அவர்கள் 'எனிமீஸ்'தான், ஏனென்றால் போர் முடியவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது என்ன? ஒரே தீவு. பிரான்சையும் பிரிட்டனையும் இந்தியப் பெருங்கடலில் 'ரைவல் பவர்ஸ்' என்று வரலாற்றுப் புத்தகம் எழுதுவது அதனால்.

அப்படியானால் 'ரைவல்' என்பதற்குத் தமிழில் என்ன? விளையாட்டு, வணிகம், தேர்தல் என்றால் 'போட்டியாளர்' போதும். அணி என்றால் 'எதிரணி' ஒருநாள் ஆட்டத்துக்கு. நீண்ட காலப் போட்டிக்குப் 'பரம வைரி' என்று பத்திரிகை எழுதும். அது கொஞ்சம் அதிகம், 'பரம்பரைப் போட்டியாளர்' என்றால் அளவாக இருக்கும். குடும்பம், சொத்து, பதவி வாரிசு என்று வந்தால் தயங்காமல் 'பங்காளி' போடுங்கள். அரசியல் கட்டுரையில் 'மாற்றார்' அழகாக உட்காரும். 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்' என்று வள்ளுவர் எடை போடச் சொன்னது, வெறுக்க வேண்டிய ஒருவனைவிட, அளந்து பார்க்க வேண்டிய ஒருவனை.

படி 8: எழுதும்போது எங்கே தவறும்

பிரெஞ்சு பேசிப் பழகிய நமக்கே உரிய தவறுகள் சில.

முதலாவது வேற்றுமை. பிரெஞ்சில் 'ரிவலிஸே அவெக்' என்று 'உடன்' சேர்த்துச் சொல்வோம். ஆங்கில வினை 'ரைவல்' அந்த 'வித்' இல்லாமல் நேராகச் செயப்படுபொருளை எடுக்கும். 'வித்' போட்டால் திருத்துபவர் சிவப்பு மை வைப்பார். பொருளும் சற்று வேறு: ஆங்கிலத்தில் ஒன்று இன்னொன்றை 'ரைவல்' செய்கிறது என்றால் அதற்கு ஈடாக நிற்கிறது என்றே பெரும்பாலும் பொருள். பெயர்ச்சொல்லுக்குப் பின் பதவியையோ பரிசையோ சொல்ல 'ஃபார்', ஆளைச் சொல்ல 'டு' அல்லது 'ஆஃப்'.

இரண்டாவது பன்மை. பிரெஞ்சு ஆண்பால் பன்மை 'ரிவோ', முடிவில் எக்ஸ் எழுத்து. பெண்பால் பன்மை ஒலியில் ஒருமை போலவே 'ரிவல்'. ஆங்கிலத்தில் பால் வேறுபாடு இல்லை, எஸ் மட்டும். தமிழில் 'ரைவல்கள்' என்று எழுதுவதைவிடப் 'போட்டியாளர்கள்' என்பதே மேல்.

மூன்றாவது எழுத்துக்கூட்டல். தேர்வில் பிரிட்டிஷ் முறை என்பதால் வினையின் இறந்தகாலத்திலும் நிகழ்காலத் தொடரிலும் எல் எழுத்து இரண்டு முறை. 'ஈடிணையற்ற' என்ற பொருள் தரும் 'அன்ரைவல்ட்' சொல்லிலும் அப்படியே. 'ரைவல்ரி'யில் ஒரே எல். கணினியின் திருத்தி அமெரிக்க முறையில் இருந்தால் ஓர் 'எல்' எழுத்தை விழுங்கிவிடும்; மொழி அமைப்பை மாற்றிவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.

நான்காவது, முகம் ஒன்று பொருள் வேறான சொற்கள். பிரெஞ்சு 'அத்வெர்ஸேர்' டென்னிஸ் ஆட்டத்துக்கும் போதும், எடை குறைந்த சொல். ஆங்கில 'அட்வர்சரி' கனமானது. பள்ளி டென்னிஸ் போட்டி அறிக்கையில் அதைப் போட்டால் போர் அறிவிப்பு மாதிரி இருக்கும். அங்கே 'ஒப்பனென்ட்'. அதைவிட மோசமான பொறி 'கோங்க்யுரான்'. பிரெஞ்சில் போட்டியாளர், வணிகப் போட்டியாளர். ஆங்கிலத்தில் அதே எழுத்துகள் 'காங்கரன்ட்', ஒரே நேரத்தில் நிகழும் என்று பொருள். 'சேர்ந்து ஓடுதல்' என்ற ஒரே லத்தீன் படத்தை ஒரு மொழி பந்தயமாகப் பார்த்தது, மற்றது உடன்நிகழ்வாகப் பார்த்தது. இதைக் கடையின் ஆங்கில விளம்பரத்தில் தவறவிட்டால் வாடிக்கையாளருக்குத் தலையும் புரியாது காலும் புரியாது.

பயிற்சிக்கு ஒரு சொல்

இதே எட்டுப் படிகளை 'ஹாஸ்டைல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் செய்து பாருங்கள். லத்தீன் 'ஹோஸ்டிஸ்' வரை போனால் 'பகைவன்' என்று கிடைக்கும். அங்கே நிறுத்தாதீர்கள். அந்தச் சொல் முன்னாளில் அயலான் என்ற பொருளில் வழங்கியது என்று சிசரோவே எழுதியிருக்கிறார். அதன் உடன்பிறப்பு ஆங்கிலத்தில் 'கெஸ்ட்', விருந்தாளி. ஆனால் 'கெஸ்ட்' லத்தீனிலிருந்து வரவில்லை, ஜெர்மானியக் கிளையில் தனியாக வளர்ந்தது. அகராதி 'ஒப்பிடுக' என்று போடுவது இந்த இடத்தில்தான். தமிழ்ப் பத்தியில் 'விருந்து' என்ற சொல்லை எழுதி, தொல்காப்பியத்தில் அதற்குப் 'புதுமை' என்ற பொருளும் இருப்பதைக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.